காலமானார் எண்டு போடாதேங்கோ

ஐயா வரக் கொஞ்சம் செல்லும் பிள்ளை. இதில இரும். அந்தக் கதிரை வேண்டாம், கால் ஆடும். பத்திரிகைச் சுதந்திரத்தைப் பற்றிக் கேட்க வந்தனீர் எண்டால் ஐயாவோடதான் கதைக்கோணும். பேப்பரின்ர ஆசிரியர், அதைப் பற்றி நல்லாக் கதைப்பார். வெளிநாடெல்லாம் போய்க் கதைச்சவர். நான் விளம்பரப் பகுதி. பிறந்தநாள் வாழ்த்து, காணி விற்பனை, மணமகள் தேவை, மரண அறிவித்தல். செய்தி மேல்மாடி. கீழ நான்.

என்ன, றெக்கோட் பண்ணுறீரோ? என்ர கதையைப் பண்ணி என்ன செய்யப்போறீர்? சரி, பண்ணும். ஐயா வந்தால் நிப்பாட்டிப்போடும்.

பேர் சுகிர்தமலர். எல்லாரும் மிஸ் எண்டுதான் கூப்பிடுறவை. 'பொழுது' பேப்பர் தொடங்கின காலத்தில இருந்து இந்தக் கவுண்டர்தான்.

சுவரைப் பார்க்கிறீர். அந்தப் படத்தில இருக்கிறவர் மரியநாயகம், எங்கட வான் றைவர். பக்கத்தில ஆணி வெறுமனே இருக்குத்தான். அது கேதீஸின்ர படத்துக்கு அடிச்சது. நான் மாட்ட விடேல்ல. மாலை போட்டுப் படம் மாட்டுறது செத்த ஆக்களுக்கு. அவர் செத்துப்போனார் எண்டு ஆர் சொன்னது? ஒருத்தரும் சொல்லேல்ல. அப்ப என்னத்துக்கு மாட்டுறது? ஐயாவோடயே சண்டை பிடிச்சனான். எனக்கென்ன, நான் ஞாயத்தைச் சொன்னனான்.

நீர் அப்ப சின்னப்பிள்ளையா இருந்திருப்பீர். பாதை பூட்டின வருசம். தெற்கால இருந்து வாற ஒரேயொரு ரோட்டையும் பூட்டிப்போட்டாங்கள். அரிசி, மண்ணெண்ணெய், அச்சடிக்கிற தாள், எல்லாம் கப்பலிலதான். கப்பல் வந்தாலும் எது இறங்கலாம், எது இறங்கக்கூடாது எண்டு சொல்லுறது ஆமி. ஊருக்குள்ள அரசாங்க அலுவலுக்குக் கச்சேரி இருந்தது, பொலிஸ் இருந்தது, வழக்குக்குக் கோடு இருந்தது. ஆனா மாடு துலைஞ்சாலும் ஆள் துலைஞ்சாலும் ஆமியின்ர சிவில் அலுவலகத்துக்குத்தான் போகோணும். பேர்தான் சிவில். உள்ளுக்க இருந்தது ஒரு மேஜர்.

ஒவ்வொரு நாளும் ஆரோ ஒருத்தரைச் சுடுவாங்கள். சந்தியில, ஒழுங்கையில, வீட்டுப் படலை வாசலில. பேப்பரில 'இனந்தெரியாதோரால் சுட்டுக்கொலை' எண்டு வரும். ரோட்டு முழுக்க ஆமி நிக்கிறான். மோட்டச்சைக்கிளில ரெண்டு பேர் வந்து சுட்டுப்போட்டு, ஆமியின்ர சென்றிக் காவலரணைத் தாண்டி, அவனுக்குத் தலையாட்டிப்போட்டுப் போறாங்கள். அவங்கள் இனந்தெரியாத ஆக்கள்.

மேல்மாடியில அந்தச் சொல்லை முதல்ல வேண்டாம் எண்டது கேதீஸ். கேதீஸ்வரன். எங்கட தலைமைச் செய்தியாளர். மெலிஞ்ச ஆள், ஒரு பழைய சைக்கிள், எப்பவும் ஒரு பக்கம் மடிச்ச காற்சட்டை. “சுட்டது ஆர் எண்டு எழுத எங்களிட்ட அத்தாட்சி இல்லை, சரி. ஆனா எந்தச் சென்றியில இருந்து எவ்வளவு தூரத்தில எண்டு எழுதலாம்தானே ஐயா?” எண்டு கேட்டவர். ஐயா யோசிச்சுப்போட்டு ஓம் எண்டார். அப்பிடியே வந்தது. 'காவலரணில் இருந்து கூப்பிடு தூரத்தில்' எண்டு. சனம் அந்த வரியைத்தான் முதல்ல வாசிக்கும்.

கொஞ்ச நாளில கட்டளை வந்தது. இனிமேல் கொலைச் செய்தி எதுவும் சிவில் அலுவலகம் தாறமாதிரித்தான் போடலாம், அதுக்கு மேல ஒரு சொல்லும் கூடாது எண்டு. ஐயா ஒத்துக்கொள்ளேல்ல. அந்தக் கிழமையே எங்கட வானை மறிச்சு, கட்டுக்கட்டாப் பேப்பரை இறக்கி ரோட்டில போட்டுக் கொளுத்தினாங்கள். மரியநாயகத்தைச் சுட்டாங்கள். ஆர் சுட்டது? இனந்தெரியாத ஆக்கள்.

அதுக்குப் பிறகு மேல்மாடி அடங்கிப்போச்சு. குறை சொல்லக்கூடாது, பிள்ளைகுட்டிக்காரர். பேப்பரில தேங்காய் விலை, கோயில் திருவிழா, கப்பல் எப்ப வரும், அவ்வளவுதான். கேதீஸ் மேசையில இருந்து பென்சில் சீவிக்கொண்டிருப்பார். சீவிச் சீவிப் பென்சில் முடிஞ்சுபோம்.

அப்பதான் ஒரு மனுசன் வந்தவர். நீர் இருக்கிற இதே இடம். ஓய்வெடுத்த தபாற்காரர், நாகமுத்து எண்டு பேர். மகன் பாண் வாங்கப் போன இடத்தில சுட்டுப்போட்டாங்கள். மரண அறிவித்தல் போட வந்தவர். நான் வழக்கமான மாதிரி எழுதி வாசிச்சுக் காட்டினனான். இன்னாரின் அன்பு மகன் இன்னார் நேற்று காலமானார்.

“பிள்ளை,” எண்டார். “காலமானார் எண்டு போடாதேங்கோ.”

“அது வழக்கம் ஐயா. எல்லாருக்கும் அப்பிடித்தான் போடுறது.”

“எல்லாருக்கும் போடுங்கோ. என்ர பெடியன் காலமாகேல்ல. அவனைச் சுட்டவங்கள்.”

நான் என்ன செய்யிறது? காலமானார், சிவபதமடைந்தார், இறைபதமடைந்தார், அகால மரணமடைந்தார். என்னட்ட இருக்கிற சொல்லெல்லாம் சொல்லிப் பார்த்தன். அந்த மனுசன் தலையை ஆட்டிக்கொண்டே நிக்கிறார். கோவம் இல்லை, சத்தம் இல்லை. பின்னுக்கு ஆக்கள் காத்துக்கொண்டு நிக்கினம். கடைசியில நான் மேல போய்க் கேதீஸிட்டச் சொன்னனான். வேற ஆரும் இருந்திருந்தால் அவையிட்டச் சொல்லியிருப்பன். அவர்தான் இருந்தவர்.

அவர் பென்சிலை வைச்சுப்போட்டு என்னைப் பார்த்தார். “சுகிர்தம், கட்டளையில செய்தி எண்டுதானே கிடக்கு? விளம்பரத்தைப் பற்றி ஒண்டும் இல்லையே?”

என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுறது அவர் ஒருத்தர்தான். அது அவற்ர பழக்கம், வேற ஒண்டுமில்லை.

கீழ இறங்கி வந்து, நாகமுத்தரை இருத்தி, அவர் சொல்லச் சொல்ல எழுதினார். 'காலை பாண் வாங்கச் சென்ற வேளை, மடத்தடிச் சந்திக் காவலரணுக்கு முன்பாக, மோட்டார் சைக்கிளில் வந்து காவலரண் வழியே திரும்பிச் சென்ற இருவரால் சுட்டுக்கொல்லப்பட்டார்.' கீழ தகப்பன்ர கையெழுத்து. நாகமுத்தர் அதை ரெண்டு தரம் வாசிச்சுப்போட்டு, “இப்ப சரி” எண்டார். பிறகுதான் அழுதவர். நான் தண்ணி குடுத்தனான்.

அடுத்தநாள் அந்த அறிவித்தல் வந்தது. அதுக்கடுத்தநாள் இந்த வாசலில சனம். எங்கெங்கையோ இருந்து, சைக்கிளில, நடந்து. எல்லாருக்கும் ஒரே சொல்தான். காலமானார் எண்டு போடாதேங்கோ. பேப்பரில முன்பக்கம் திருவிழா. கடைசிப் பக்கம்தான் செய்தி. சனம் பேப்பரைப் பின்னால இருந்து வாசிக்கத் தொடங்கிச்சுது. அப்பவும் நான் விளம்பரப் பகுதிதான், அதை எழுதிக்கொள்ளும்.

கேதீஸ் சும்மா விடமாட்டார். ஒவ்வொரு அறிவித்தலுக்கும் அந்த இடத்துக்குப் போய், அக்கம்பக்கத்தில கேட்டு, சரியெண்டால்தான் விடுவார். “கையெழுத்து அவையின்ர. ஆனா பேப்பர் எங்கட. பொய் போகக்கூடாது” எண்டுவார். பின்னேரம் வந்து சைக்கிளை அந்தத் தூணில சாத்துவார். ஸ்ராண்ட் உடைஞ்சது, திருத்தேல்ல. தூணில இரும்பு படுற சத்தம் கேட்டால் அவர் வந்திட்டார் எண்டு தெரியும். இப்பவும் சிலவேளை அந்தச் சத்தம் கேட்கும். தபாற்காரன் சாத்துவான், பால்காரன் சாத்துவான். நான் நிமிர்ந்து பார்க்கிறேல்ல. என்னத்துக்குப் பார்க்கிறது, வேலை கிடக்கு.

ஒருக்கால் ஒரு பெண் வந்தா. புருசனைச் சுட்டது ஆமியில்லை, எங்கட இயக்கப் பெடியள்தான், வீட்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு போய்ச் சுட்டவங்கள் எண்டா. நான் சொன்னனான், “அம்மா, அகால மரணம் எண்டு போடுவம், உமக்கும் நல்லது.” கேதீஸ் விசாரிக்கப் போனார். வந்தார். “அவ சொல்லுறது சரி. போடோணும்.”

“ரெண்டு பக்கத்தாலயும் அடி வாங்கப்போறீங்களோ?” எண்டு கேட்டன்.

“ஒரு பக்கத்தை மட்டும் போட்டால் மற்ற அறிவித்தல் எல்லாம் பொய்யாப் போம், சுகிர்தம்.”

போட்டார். அந்தப் பக்கத்தில இருந்தும் மிரட்டல் வந்தது. அதைப் போட்டது தேவையில்லாத வேலை எண்டுதான் நான் இண்டைக்கும் சொல்லுவன். அந்தப் பெண் இப்பவும் பேப்பர் எடுக்கிறா. அவவுக்கு வேற பேப்பர் பிடிக்காதாம். அது வேற கதை.

பிறகு மேஜர் கூப்பிட்டவன். ஐயாவை, கேதீஸை, என்னையும். என்னை ஏன் எண்டு கேட்டால், அறிவித்தல் எடுக்கிறது என்ர கவுண்டர்தானே. எங்களை ஒரு பெரிய வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாங்கள். ஆரோ எங்கட சனத்தின்ர வீடு, வெளிநாட்டுக்குப் போன ஆக்களின்ரயா இருக்கும். சாமி அறையில ஆமியின்ர துவக்குகள் சாத்திக் கிடந்தது. தேத்தண்ணி தந்தாங்கள். நல்ல பால் தேத்தண்ணி. அப்ப ஊரில பால்மா இல்லை.

மேஜர் சிங்களத்தில சொல்ல, ஒரு பெடியன் தமிழில சொன்னான். “மரணம் எண்டால் துக்கம்தானே எண்டு சேர் சொல்லுறார். துக்கத்துக்குள்ள ஏன் மற்றக் கதை? காலமானார் எண்டு நல்ல தமிழ்ச்சொல் இருக்கு. இனிமேல் எல்லாருக்கும் அது. ஒவ்வொரு நாளும் அறிவித்தலை இஞ்ச கொண்டுவந்து காட்டிப்போட்டுப் போடுங்கோ.”

ஐயா கேட்டார், சட்டத்தில எங்க அப்பிடி இருக்கு எண்டு. மேஜர் சிரிச்சான்.

கேதீஸ் சொன்னார், “சேர், காலமானார் எண்டால் அவருக்குரிய காலம் முடிஞ்சு போயிட்டார் எண்டு அர்த்தம். இவைக்குக் காலம் முடியேல்ல. வீட்டுக்காரர் உண்மையைச் சொல்லி அழ விரும்பினம். அதை மாத்த எனக்கும் உரிமை இல்லை, உங்களுக்கும் இல்லை.”

மொழிபெயர்க்கிற பெடியன் பயந்துபோய் என்னவோ ரெண்டு சொல்லுச் சொன்னான். கேதீஸுக்குச் சிங்களம் தெரியும். “நான் சொன்னது அதில்லை” எண்டு சொல்லிப்போட்டு, தானே முழுதையும் சிங்களத்தில திருப்பிச் சொன்னார். மேஜர் கோப்பையைக் கீழ வைச்சான்.

“இதையெல்லாம் எழுதுறது ஆர்?” எண்டு கேட்டான்.

கேதீஸ் வாயைத் திறக்க முதல் நான், “நான்தான்” எண்டு சொன்னனான்.

தைரியம் எண்டு நினையாதையும். கவுண்டரில எழுதுறது நான்தானே. அவற்ர எழுத்து கோழி கிளறினமாதிரி, நான் பார்த்து எழுதாட்டி அச்சுக்கு ஏறாது. கேட்டான், சொன்னன். அவ்வளவுதான்.

மேஜர் என்னைப் பார்த்துத் தமிழிலயே கதைச்சான். இவ்வளவு நேரமும் அவனுக்குத் தமிழ் தெரிஞ்சுதான் இருந்திருக்கு. “மிஸ் தனியத்தானே இருக்கிறது? பிள்ளையார் கோயில் ஒழுங்கை. பச்சைப் படலை.”

நான் மிச்சத் தேத்தண்ணியைக் குடிச்சு முடிச்சனான். பால்மா இல்லாத காலம், வீணாக்கேலாது.

திரும்பி வரேக்க ஐயா முன்னுக்கு நடந்தார். கேதீஸ் சைக்கிளை உருட்டிக்கொண்டு எனக்குப் பக்கத்தில. பிறகு, “ஏன் அப்பிடிச் சொன்னீங்கள்?” எண்டார். “உண்மையைத்தானே சொன்னனான்” எண்டன். ஒழுங்கை முடக்கில நிண்டு, “அந்தப் படலைக்கு வேற நிறம் அடிக்கோணும்” எண்டார். பகிடிக்குச் சொல்லுறார் எண்டு நினைச்சன். ஞாயிற்றுக்கிழமை பெயின்ற் டின்னோட வந்து நிக்கிறார். நீலம். அடிச்சு முடிச்சு, தேத்தண்ணி குடிச்சு, போனார். எனக்கு நீலம் பிடிக்காது. இப்பவும் அந்த நீலம்தான் கிடக்கு, உரிஞ்சுபோய். வேற அடிக்க நேரம் கிடைக்கேல்ல.

ஐயா எல்லாரையும் கூப்பிட்டார். “காட்டிப்போட்டுப் போடுற பேப்பர் எங்கட பேப்பர் இல்லை. நான் காட்டப்போறதில்லை. பயம் எண்டால் வீட்டில நில்லுங்கோ, ஒருத்தரும் ஒண்டும் நினைக்கமாட்டம்.” பாதிப் பேர் வீட்டில நிண்டிட்டினம். நான் வந்தனான். வீட்டில இருந்து எனக்கு என்ன வேலை?

கேதீஸ் அண்டையில இருந்து வீட்டுக்குப் போறேல்ல, மேல்மாடியிலயே படுக்கை. தாய் தையல்நாயகி அம்மா, பாவம், இஞ்ச வந்து பார்த்திட்டுப் போவா. நான் விடிய வரேக்க சாப்பாடு கொண்டுவருவன். வீட்டில மிஞ்சினது. புட்டு, முட்டைப் பொரியல். ஓம், அப்ப முட்டை கிடைக்கிறது கஷ்டம்தான். சந்தையில ஒரு மனுசியைப் பிடிச்சு வைச்சிருந்தனான். ஏன் சிரிக்கிறீர்? தனி ஆளுக்குச் சமைச்சால் மிஞ்சும்தானே.

அவர் போன நாளைப் பற்றித்தான் எல்லாரும் கேட்கிறவை. நீரும் கேட்கப்போறீர்.

ஒரு தாய், மகளைப் பற்றி அறிவித்தல் குடுத்திட்டுப் போனவ. தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கப் போன பெண். மத்தியானம் சாப்பிட்ட கையோட கேதீஸ் விசாரிக்க வெளிக்கிட்டார்.

“நாளைக்குப் போங்கோவன்,” எண்டன். “வெயில்.”

“நாளைக்கு அவவின்ர அறிவித்தல் வரோணும் சுகிர்தம். செத்தவீடு முடிஞ்ச பிறகு போட்டு என்ன?”

போனார். தூணில இருந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். நான் ஒரு மணமகள் தேவை எழுதிக்கொண்டிருந்தன். நிமிர்ந்து பார்த்ததா ஞாபகம் இல்லை. அதை நினைச்சுப் பார்க்கிறனான், பார்த்தனானோ இல்லையோ எண்டு. சிலவேளை பார்த்தமாதிரி இருக்கும், நீலச் சேட்டு. சிலவேளை அது வேறநாள் சேட்டு.

ஊரடங்கு நேரம் ஆகியும் வரேல்ல. வடலியடிச் சென்றிக்குக் கிட்ட வெத்திலை விக்கிற மனுசி கண்டிருக்கிறா. வெள்ளை வான் ஒண்டு. கையைப் பிடிச்சு ஏத்தினவங்களாம். அவர் கத்தேல்லையாம். தன்ர பேரைச் சத்தமாச் சொன்னவராம். “நான் பொழுது பேப்பர் கேதீஸ்வரன். நான் பொழுது பேப்பர் கேதீஸ்வரன்” எண்டு, ரோட்டில நிண்ட எல்லாருக்கும் கேட்க. சைக்கிள் வேலியில கிடந்தது.

விடிய ஐயா மேல போய் இருந்து தன்ர கையால எழுதினார். முன்பக்கத்தில, பெரிய எழுத்தில. 'எமது செய்தியாளரைப் பிடித்துச் சென்றுவிட்டார்கள்.' எந்தச் சென்றி, என்ன வான், ஆர் பக்கத்தில நிண்டது, எல்லாம். 'காணாமல் போனார் எண்டு போடுவமோ?' எண்டு ஆரோ கேட்டவை. “அவர் துலைஞ்சு போகேல்ல. பிடிச்சுக்கொண்டு போனவங்கள்” எண்டார் ஐயா. அதுக்குள்ள எப்பிடியோ கேள்விப்பட்டு, வீட்டில நிண்ட ஆக்கள் ஒவ்வொருத்தரா வருகினம். அச்சு மெசின் ஓட்டுறவர், பக்கம் கட்டுறவர், பயத்தில லீவு போட்ட பெடியள் எல்லாம். சட்டையைக் கழட்டிக் கொழுவிப்போட்டு வேலையைத் தொடங்கிச்சினம். வான் இல்லை. ஆளுக்கொரு கட்டாச் சைக்கிளில கட்டிக்கொண்டு போய், வீடுவீடாக் குடுத்தவை. அண்டைக்குத்தான் எங்கட பேப்பர் பழையபடி செய்தி போட்டது. அதுக்குப் பிறகு நிப்பாட்டேல்ல.

கப்பலில வந்த தாளை ஆமி இறக்க விடேல்ல. இருந்தது முடிஞ்சுது. பள்ளிப்பிள்ளையள் கொப்பிக்கு உறை போடுற மாட்டுத்தாள் தெரியும்தானே? கடைகடையாப் போய் அதை வாங்கி அதில அடிச்சம். எழுத்துத் தெரியாது, வெளிச்சத்தில பிடிச்சுத்தான் வாசிக்கோணும். சனம் வாசிச்சுது. கடைக்காரர் சிலபேர் தாளுக்குக் காசு வாங்கேல்ல. இதெல்லாம் ஐயா உமக்கு வடிவாச் சொல்லுவார்.

தையல்நாயகி அம்மாவோட நானும் எல்லா இடமும் போனனான். காம்ப், பொலிஸ், கோடு, மனித உரிமை ஆக்கள். எல்லா இடத்திலயும் பதிவாங்கள். எல்லா இடத்திலயும், “நீங்கள் அவருக்கு என்ன முறை?” எண்டு என்னைக் கேட்பாங்கள். “கூட வேலை செய்யிறனான்” எண்டு சொல்லுவன். அது முறை இல்லையாம். வெளியால நிக்கச் சொல்லுவாங்கள். வெயிலில நிப்பன்.

சண்டை முடிஞ்சுது. பாதை திறந்தது. மேஜர் மாறிப் போயிட்டான். கவுண்டருக்கு இப்ப கண்ணாடி போட்டாச்சு. ஆனா பாரும், இந்த ஊரில எனக்கு ஒரு சந்தியும் வெறும் சந்தியா இல்லை. மடத்தடியில பஸ் நிண்டால் நாகமுத்தரின்ர மகன். பாண் மணக்கும். அடுத்த முடக்கில வேற ஒருத்தர். எல்லாம் நான் எழுதின ஆக்கள்தானே, பேர், வயது, நேரம், எல்லாம் வந்து நிக்கும். பக்கத்தில இருக்கிற ஆக்கள் போனில படம் பார்த்துக்கொண்டிருப்பினம். நான் கண்ணை மூடிக்கொண்டிருப்பன். ஆனா கண்ணை மூடினாலும் பஸ் திரும்புற விதத்தில எந்தச் சந்தி எண்டு தெரிஞ்சுபோம்.

வடலியடிப் பக்கம் நான் போறேல்ல. அங்க எனக்கு ஆக்கள் இல்லை.

கேதீஸுக்கு ஒரு தங்கச்சி, கௌரி. நோர்வேயில. நாலைஞ்சு வருசத்துக்கு முந்தி வந்து, தமையனுக்கு அந்திரட்டிச் சடங்கு செய்யோணும், அறிவித்தல் போடோணும் எண்டு இஞ்ச வந்தவ. ஆரோ சாத்திரியார் சொன்னவராம், ஆன்மா அலையுது எண்டு. நான் சொன்னன், “திகதி இல்லாமல் மரண அறிவித்தல் எடுக்கிறேல்ல. அலுவலக ஒழுங்கு.” அப்பிடி ஒரு ஒழுங்கு இருக்குத்தான். எழுதேல்ல, ஆனா இருக்கு.

“பிடிச்ச திகதியைப் போடுங்கோ.”

“அது பிடிச்ச திகதி. செத்த திகதி இல்லை.”

“அம்மா ஒவ்வொரு நாளும் ரெண்டு பேருக்குச் சமைக்கிறா மிஸ். எத்தினை வருசத்துக்கு? இதை முடிக்க விடுங்கோவன். நீங்கள் அவருக்கு ஆர், வேண்டாம் எண்டு சொல்ல?”

நான் ஆர்? விளம்பரப் பகுதி. அதைத்தான் சொன்னனான். “நான் விளம்பரப் பகுதி. திகதி வேணும்.” அவ அழுதுகொண்டு போயிட்டா. அம்மாவும் பிறகு வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டாவாம்.

தையல்நாயகி அம்மா போன மாதம் மோசம் போனவ. நித்திரையில. அவவுக்குக் காலமானார் எண்டு போடலாம், அதில ஒருத்தரும் குறை சொல்லேலாது. நான்தான் பக்கத்து வீட்டு ஆக்களோட நிண்டு குளிப்பாட்டினது. குசினியில ரெண்டு கோப்பை கவிட்டுக் கிடந்தது.

கௌரிக்கு உடன வரேலாமல் போச்சு. போனில சொல்லச் சொல்ல நான் இதில இருந்து அடிச்சனான். காலஞ்சென்ற இரத்தினசபாபதி அவர்களின் அன்பு மனைவியும். பிறகு பிள்ளையள். கண்டிருப்பீர்தானே, பிள்ளையளின்ர பேருக்குப் பக்கத்தில அவை இருக்கிற இடத்தை அடைப்புக்குறிக்குள்ள போடுறது. கனடா, சுவிஸ், லண்டன் எண்டு. செத்துப்போன பிள்ளை எண்டால் பேருக்கு முன்னால காலஞ்சென்ற எண்டு வரும். கௌரி, அடைப்புக்குறிக்குள்ள நோர்வே எண்டு அடிச்சன். அடுத்தது கேதீஸ்வரன். அடிச்சுப்போட்டு நிண்டன். அங்கால அவவின்ர மூச்சுச் சத்தம் கேட்குது.

“மச்சாள்,” எண்டா.

அழுதுகொண்டிருக்கிற ஆள்தானே. தமையன்ர மனுசியைக் கூப்பிடுற முறை அது, வேற ஆரோ எண்டு நினைச்சு வாய் தவறிச் சொல்லியிருப்பா.

“மச்சாள், நீங்களே போடுங்கோ. எனக்கு அந்தச் சொல்லுச் சொல்ல வாய் வருகுதில்லை.”

“என்னத்தைப் போட?”

“உங்களுக்கு எது சரியெண்டு தெரியுதோ அதைப் போடுங்கோ.”

கவுண்டரில ஆரோ வந்து கூப்பிட்டவை, பிறகு வரச்சொன்னன். பிறகு அடிச்சன். கேதீஸ்வரன். அடைப்புக்குறிக்குள்ள, பொழுது.

அப்பிடியே வந்தது. விடிய ஒருத்தர் போன் எடுத்தவர், பேப்பரைக் கவனமா வாசிக்கிற மனுசன். “மிஸ், ஒரு பிழை வந்திருக்கு. நாட்டின்ர பேர் வரவேண்டிய இடத்தில உங்கட பேப்பரின்ர பேர் கிடக்கு.”

“பிழை இல்லை ஐயா,” எண்டன். “பார்த்துத்தான் போட்டனான்.”